‘லீவுலதான் வந்திருக்காக...’ வேலை போனவர் வீட்டில் உடம்பு சொல்லும் சேதி!

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி... ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்டுல எப்ப வந்தாக?" என்று கேட்டுப் பாருங்கள். "லீவுலதான் வந்திருக்காக" என்று பதில் வரும். சரி, துபாய்க்காரருக்கு ரெண்டு மாசம் லீவு. மூணாவது மாசமும் அதே பதில் வந்தால்? நாலாவது மாசம், "கம்பெனியில விசா புதுப்பிக்கிறாக... அதான் லேட்டு" என்று பதில் கொஞ்சம் மாறினால்? கேட்டவருக்கும் விஷயம் புரிந்துவிடும். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்குப் புரிந்துவிட்டது என்று. ஆனாலும் அந்த வார்த்தை யார் வாயிலிருந்தும் வராது.

வேலை போய்விட்டது.

வாய் மறைத்தாலும் உடம்பு மறைக்காது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது. காரணமே இல்லாமல் நெஞ்சைப் பிடிக்கிறது. பிள்ளை ஒரு டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அடி விழுகிறது. ‘அங்க ஏ.சி.யிலயே இருந்துட்டு வந்தாக, இங்க வெக்கை ஒத்துக்கலை’ என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். வளைகுடாவுக்குப் போகும் பலரும் கிளம்புவதற்கு முன் ‘மெடிக்கல்’ போட்டாக வேண்டும். எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் என்று தலை முதல் கால் வரை சோதித்து, ‘ஃபிட்’ என்று சீட்டு கொடுத்தால்தான் விசா. நெஞ்சில் சின்ன நிழல் தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’. போகிற உடம்புக்கு இத்தனை சோதனை! வேலையை இழந்து திரும்பி வருகிற உடம்பை யார் சோதிக்கிறார்கள்? ஏர்போர்ட்டில் பெட்டியைத்தான் சோதிக்கிறார்கள். வீட்டிலும் முதலில் திறப்பது பெட்டியைத்தான்.

நியாயமாகப் பார்த்தால், திரும்பி வரும்போதுதான் அந்த ‘மெடிக்கல்’ அதிகம் தேவை.

தண்ணியில்லாக் காடு

‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று அரசு அலுவலர்களை மிரட்டுவதற்கு ஒரு காலத்தில் உதாரணம் காட்டப்பட்ட ஊர் ராமநாதபுரம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். இல்லாவிட்டால் மிளகாய், பனை, சீமைக் கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுச் சுடும் கரி. கடலோரத்தில் மீன்பாடு. இதை நம்பி எத்தனை வயிறு நிறையும்? அதனால் இந்தக் கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டினார்கள். இலங்கை, பர்மா, மலேயா என்று போனவர்கள், 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா பக்கம் திரும்பினார்கள். கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரகுமான் துபாயில் வளர்த்த ஈ.டி.ஏ. நிறுவனம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு வாசல் திறந்துவிட்டது. ஒருவர் போய், மச்சானை அழைத்து, மச்சான் போய்த் தம்பியை அழைத்து... இப்படித் தெருவே சபராளிகள் தெருவாயிற்று.

போவதற்கு இத்தனை வழி இருந்த ஊரில், திரும்பி வருவதும் புதிதல்ல. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில், அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

மண்டபம் கேம்ப்

ராமேஸ்வரம் ரயிலில் போனவர்களுக்கு ‘மண்டபம் கேம்ப்’ என்ற ஸ்டேஷன் பெயர் ஞாபகம் இருக்கும். அது ராணுவ முகாம் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்திவைத்த முகாம். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று பாதை ஒழுங்காயிற்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று பல பகுதிகளிலிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்களை இங்கே சில நாட்கள் தங்கவைத்தார்கள். குளிப்பாட்டி, துணிகளைக் கிருமி நீக்கி, அம்மைத் தடுப்பு குத்தி, காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கப்பல். அந்தக் காலத்து ‘மெடிக்கல்’ இது. கூலிக்காரர் நலமாக இருக்கவேண்டும் என்ற அக்கறையைவிட, தோட்டத்துக்குக் காலராவும் அம்மையும் வந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அதில் பெரிது!

1929-ல் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தது. தேயிலை விலை இறங்கியது. ரப்பர் விலை பாதாளத்துக்கே போனது. ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் பால் வெட்டுவதையே நிறுத்தினார்கள். தோட்டத் தொழிலாளிகளின் குறைந்தபட்சக் கூலியை வெட்டினார்கள். வெட்டிய கூலிக்கு வேலை செய்ய விருப்பமில்லாதவர்களை அரசுச் செலவிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். ஆயிரமாயிரமாக ஆட்கள் மண்டபம் வழியாகத் திரும்பி வந்தார்கள். வந்து என்ன செய்ய? விட்டுப் போன கண்மாய் அப்படியேதான் வறண்டு கிடந்தது.

அதே சமயம் கொழும்பில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே ஏ.ஈ. குணசிங்க என்று ஒரு பெரிய தொழிற்சங்கத் தலைவர். 1920களில் சிங்களவர், தமிழர், மலையாளி என்று எல்லாத் தொழிலாளர்களையும் ஒன்றாகத் திரட்டிப் பெரிய வேலைநிறுத்தங்கள் நடத்தியவர். வேலை அருகிப்போன 1930களில் அவரே, ‘மலையாளிகள் நம் வேலையைப் பறிக்கிறார்கள்’ என்று பிரச்சாரம் செய்ய ஆரம்பித்தார். 1933-ல் வெள்ளவத்தை நூற்பாலையில் வேலைநிறுத்தம் வந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். குணசிங்கவின் சங்கம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் அனுப்பியது. 1939-ல் இலங்கை அரசாங்கமே, தன் இலாகாக்களில் தினக்கூலி பார்த்த இந்தியர்களை, குறிப்பாகச் சமீபத்தில் சேர்ந்தவர்களை, வேலையை விட்டு அனுப்ப முடிவெடுத்தது. அந்த ஜூலையில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கே போய்ப் பேசிப் பார்த்தார். பலன் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 1 முதல், உடலுழைப்பு வேலைக்காக இலங்கைக்கு ஆள் போவதை இந்திய அரசு தடை செய்தது.

சரி, வந்தவர்களை அனுப்பினார்கள். உள்ளூர்க்காரர் பிழைத்தாரா? இங்கேதான் நம் பத்திரிகைக்கு வேண்டிய விஷயம் வருகிறது.

1934-ல் இலங்கையின் ஈரமான தென்மேற்குப் பகுதியில் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் மலேரியா கொசு பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிக் கிராமங்களில் காய்ச்சல் பரவி, சில மாதங்களில் சுமார் 80,000 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் சிங்களக் கிராமத்து ஏழைகள். அதிலும் குழந்தைகள் அதிகம். காரணம் கொசு மட்டும்தானா? அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மலேரியா அதிகம் பழக்கமில்லை. உடம்பில் எதிர்ப்பு இல்லை. அதோடு ரப்பரும் தேங்காயும் விலை விழுந்து, கூலி வேலை நின்று, வருஷக்கணக்காக அரைவயிறு சாப்பிட்ட உடம்புகள் அவை. நிவாரணத்துக்குப் போன ‘சூரிய மல்’ இயக்கத்து இளைஞர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். கொயினா மட்டும் கொடுத்தால் போதாது, இவர்களுக்குச் சாப்பாடு வேண்டும்! ஈஸ்ட்டிலிருந்து தயாரிக்கிற ‘மார்மைட்’டை மாத்திரையாக உருட்டிக் கொடுத்தார்கள். அந்த இளைஞர்களில் ஒருவரான என்.எம். பெரேரா வீடு வீடாகப் பருப்பு கொடுத்ததால் ‘பருப்பு மாத்தையா’ என்றே பெயர் வாங்கினார். பிற்காலத்தில் அந்த நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர் அவர்.

ஆக, வெளியூர்க்காரர் டிக்கெட்டோடு மண்டபத்தில் வந்து இறங்கினார். உள்ளூர்க்காரர் காய்ச்சலில் படுத்தார். ஒருவர் வேலையை இன்னொருவர் தின்றுவிடவில்லை. இருவர் வேலையையும் விலைச்சரிவு தின்றது. இன்று ராமேஸ்வரம் லாட்ஜிலோ கட்டட வேலையிலோ பீகார், ஒடிசாப் பையன்களைப் பார்த்து, "வடக்கத்தி ஆளுக வந்து நம்ம பொழப்பைக் கெடுத்துட்டாக" என்கிறோமே... சவூதியில் ‘நிதாகத்’ சட்டம் வந்தபோது அந்த ஊர் இளைஞர்கள் நம் ஆட்களைப் பற்றி இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மண்டபம் கேம்ப் அதன் பிறகும் ஓயவில்லை. 1964 அக்டோபரில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட, 1984 வரை ராமேஸ்வரம் கப்பல் வழியாகத் தாயகம் திரும்பியவர்கள் வந்தார்கள். பிறகு அகதிகள். 2022-ல் இலங்கையில் டாலர் தீர்ந்து, பெட்ரோல் இல்லாமல், பால் மாவு இல்லாமல் போனபோது, மார்ச் 22 அன்று குழந்தைகளோடு 16 பேர் முதல் அணியாகத் தனுஷ்கோடி கரைக்கு வந்து சேர்ந்தார்கள். சிலரைப் படகுக்காரர்கள் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். யுத்தத்துக்குப் பயந்து வந்தவர்கள் அல்ல. வேலை இல்லை, அரிசி வாங்க முடியவில்லை என்று வந்தவர்கள். அவர்களுக்கும் இடம் அதே மண்டபம் முகாம்தான்.

அங்கே கிரேன் நின்றால், இங்கே கரண்டி நிற்கும்

வளைகுடா விஷயத்துக்கு வருவோம். 2009 நவம்பரில் ‘துபாய் வேர்ல்ட்’ நிறுவனம் கடனைக் கட்டத் தவணை கேட்டபோது உலகப் பங்குச் சந்தைகளே ஆடின. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அங்கே பாதிக் கட்டடங்களில் கிரேன்கள் நின்றுவிட்டன. 2016-ல் எண்ணெய் விலை சரிந்த நேரத்தில், சவூதியில் சம்பளம் இல்லாமல் முகாம்களில் சிக்கிய ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களுக்குச் சோறு கொடுங்கள் என்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அங்குள்ள இந்தியர்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2020 மே 7-ல் ‘வந்தே பாரத்’ விமானங்கள் கிளம்பின. வந்தவர்களில் எத்தனையோ பேர் கையில் ஒரு பெட்டி, ஒரு மாஸ்க், ‘கூப்பிடுறோம்’ என்ற ஒரு வாக்குறுதி.

இதில் கண்ணுக்குத் தெரியாமல் அடிபடுகிற இன்னொருவர் இருக்கிறார். பாஸ்போர்ட்டே எடுக்காத உள்ளூர்க்காரர்! துபாய்ப் பணத்தில்தானே இங்கே மாடி எழும்புகிறது? அங்கே கிரேன் நின்றால் இங்கே கொத்தனார் கரண்டி நிற்கும். தச்சர், பெயிண்டர், மணல் வண்டி ஓட்டுபவர், நிக்காஹ் பந்தல்காரர், பிரியாணி மாஸ்டர், ஆட்டோக்காரர் என்று வரிசையாக வேலை வற்றும். ‘அவுகளுக்கென்ன, துபாய்ல சம்பாரிச்சது இருக்கும்’ என்று கொத்தனார் நினைக்கிறார். ‘அவனுக்கென்ன, சொந்த ஊர்லயே இருக்கான்’ என்று சபராளி நினைக்கிறார். ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் இல்லை.

இந்தக் கரையில் வேலை இல்லாத நாள் என்பது வருஷா வருஷம் வருகிற ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் கட்டிக் கிடக்கும். நிவாரணத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்தப் பணம் ரெண்டு மாசத்துக்குப் போதுமா என்பது வேறு பேச்சு. ஆனால் கவனியுங்கள், தடைக்காலத்தில் கஷ்டம் உண்டே தவிர ஆள் ஒடிந்துபோவதில்லை. வலை பின்னுகிறார், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார், இன்ஜினைப் பிரித்துப் போடுகிறார். ஜூன் 15 என்ற தேதி கண்ணெதிரே இருக்கிறது. காலையில் எழுந்து போக ஓர் இடமும் இருக்கிறது. வேலை பறிபோனவருக்கு இந்த ரெண்டும் இல்லை. உடம்பைத் தின்பது அதுதான்.

கடிகாரம் கட்டாத ஊர்

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கே சோறு போட்ட நூற்பாலை, அதே 1929-30 வீழ்ச்சியில் மூடப்பட்டது. மரி யஹோடா என்ற இளம்பெண்ணும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய்த் தங்கி, ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். தெருவில் ஆட்கள் நடக்கிற வேகத்தைக்கூட ஒளிந்திருந்து அளந்தார்கள்! ஆண்கள் நடை தளர்ந்திருந்தது. நடுவில் ரெண்டு மூன்று இடத்தில் சும்மா நின்றார்கள். பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டும் புத்தகம் எடுப்பவர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. நாள் முழுக்க நேரம் இருந்தது. எதையும் செய்யத்தான் மனசு இல்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு அடுப்பு வேலை போகவில்லையே!

நெஞ்சுவலி விஷயம் இதைவிடக் கவலை தருவது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பல வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வேலை இழந்த ஆண்களைப் பற்றி சல்லிவன், வான் வாக்டர் என்ற இருவர் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். வேலை போன அடுத்த வருஷத்தில் அவர்கள் இறக்கும் விகிதம், எதிர்பார்க்கக்கூடியதைவிட 50 முதல் 100 சதவிகிதம் வரை கூடியிருந்தது. இருபது வருஷம் கழித்தும் 10 - 15 சதவிகிதம் கூடுதலாகவே இருந்தது. அந்த முதல் வருஷம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய வருஷம். நம் வீட்டில் அது ‘லீவு’ என்ற பெயரில் கழிகிற வருஷம்.

உள்ளே என்ன நடக்கிறது? பயமோ, அவமானமோ நாள்கணக்கில் தங்கிவிட்டால் அட்ரினலின், கார்ட்டிசால் ஹார்மோன்கள் இறங்கவே இறங்காது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மெல்ல ஏறும். தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் அவை இன்னும் ஏறும். அதோடு சிகரெட் ஒன்றுக்கு நாலாகும். சில வீடுகளில் பாட்டில் வரும். எதுவும் இல்லாவிட்டாலும் டீயும் வடையும் டீக்கடை பெஞ்சும் இருக்கிறதே! வளைகுடா வெயிலில் தண்ணீர் போதாமல் வேலை செய்தவர்களுக்கு சிறுநீரகக் கல்லும் சிறுநீரகப் பாதிப்பும் வர வாய்ப்பு அதிகம். அவர்கள் கிரியாட்டினின் சோதனையையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஆண்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுதுகொண்டு உட்கார்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எரிந்து விழுவார்கள். முதுகுவலி, தலைவலி, ‘கேஸ்’ என்பார்கள். ஜும்ஆவுக்குப் போவதைத் தவிர்ப்பார்கள், கோயில் திருவிழாவுக்கு வரமாட்டார்கள், கல்யாண வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் அடுத்த பஸ்ஸில் திரும்புவார்கள். ‘எப்ப திரும்பப் போறீக?’ என்ற கேள்விக்குப் பயந்துதான்! ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு மூன்றும் குறைந்திருந்தால் அது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. டாக்டர் பார்க்கவேண்டிய வியாதி.

அடுப்படியில் நடக்கும் கணக்கு

இல்லத்தரசிகளே, இந்தப் பகுதி உங்களுக்காக. பணம் வருவது நின்றதும் முதலில் அடகுக் கடைக்குப் போவது உங்கள் வளையல். ரெண்டாவது குறைவது உங்கள் தட்டு. "எனக்கு வேணாம், பசிக்கலை" என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளுகிறீர்களே... அதனால் வருகிற ரத்தசோகையில் நீங்களும் படுத்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பது? 

ஆட்டுக்கறியை நிறுத்தலாம், பருப்பை நிறுத்தக் கூடாது. ‘பருப்பு மாத்தையா’ கதையை இத்தனை விரிவாகச் சொன்னதே இதற்குத்தான். பாசிப்பயறு, தட்டாம்பயறு, கொல்லை முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை இவையெல்லாம் நெருக்கடிக்கு ஏற்றவை. இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாக்கியம் உண்டு. சீலாவும் வாவலும்தான் மீன் என்று இல்லை. சாளை, நெத்திலி, காரல் எல்லாம் விலை குறைவு. சத்தில் குறைவே இல்லை. சாளையில் இருதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறைய உண்டு. கருவாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், பி.பி. இருக்கிற வீட்டில். உப்பு!

அவர் வீட்டிலேயே இருப்பதும் ஒரு புது விஷயம்தான். இருபது வருஷத்தில் சேர்ந்து வாழ்ந்தது மொத்தமே ரெண்டு மூன்று வருஷமாக இருக்கும். போனில் கேட்ட குரல் இப்போது நாள் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து, "இதுக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்கிறது. சண்டை வராமல் என்ன செய்யும்? வீட்டுக் கணக்கு நோட்டை அவர் கையில் ஒருநாள் கொடுத்து, ரேஷன் முதல் ஸ்கூல் ஃபீஸ் வரை அவரையே எழுதச் சொல்லுங்கள். விலைவாசி தெரிந்ததும் பாதிக் கேள்வி குறையும். செய்ய ஒரு வேலையும் கிடைக்கும்.

மறைப்பதை நிறுத்துங்கள்

முதல் வைத்தியம், வீட்டுக்குள்ளாவது உண்மையைச் சொல்வது. "வாப்பாவுக்கு வேலை போயிருச்சு, வேற பாக்குறாக. கொஞ்ச நாள் சிக்கனமா இருக்கணும்" என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். சொல்லாமல் கிசுகிசுத்தால், தன்னால்தான் வீட்டில் சண்டை என்று அது நினைத்துக்கொள்ளும்.

இன்னும் அங்கேயே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாகியிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்கு மாசம் 5 திர்ஹம்தான். தொடர்ந்து 12 மாசம் கட்டியிருந்து, தன் தவறு இல்லாமல் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவிகிதம் மூன்று மாசம் வரை கிடைக்கும். வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் கிடைக்காது. அதே போல, ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு, முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக வரவேண்டும். அவமானத்தில் அவசரமாக டிக்கெட் போட்டுவிட்டு இதையெல்லாம் இழந்தவர்கள் பலர்.

இங்கே வந்தவுடன் முதல் வாரத்திலேயே பி.பி., சர்க்கரை பார்த்துவிடுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசம். ‘மெடிக்கல்ல அன்ஃபிட் ஆயிருவோம்’ என்று பயந்து இருமலை மறைப்பவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். 2021-ல் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ராமநாதபுரத்திலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடிய காலம் போயிற்று.

மனநோய் என்ற பேச்சை எடுத்தாலே இந்தக் கரையில் எல்லோருக்கும் ஏர்வாடி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. மாவட்ட மனநலத் திட்டம் இங்கே வந்தது. தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கிற ‘தவா - துவா’ ஏற்பாடும் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து. எனவே, ‘காத்து கருப்பு பட்டிருச்சு, ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை போடவேண்டாம். கூட்டிப் போங்கள், துவா செய்யுங்கள், அப்படியே டாக்டரையும் பாருங்கள்.

"நான் செத்துட்டா உங்களுக்காவது நிம்மதி" என்று அவர் ஒரு தடவை சொன்னாலும், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் பல வீடுகளில் தவறுவது. அங்கே கம்பெனி கிளினிக்கில் கொடுத்த பி.பி. மாத்திரை தீர்ந்ததும் ‘இங்க வந்து ரெஸ்ட்ல இருக்கேனே’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் முன்பைவிட எகிறிவிடும். அங்கே விற்கிற பெயர் வேறு, இங்கே விற்கிற பெயர் வேறு. பெட்டியைத் திறந்ததும் அந்தக் காலி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். அதன் பின்பக்கத்தில் மருந்தின் பொதுப் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் காட்டினால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே அதே மருந்தை எழுதிக் கொடுத்துவிடுவார்.